வீட்டில் துணிப்பை மட்டும் 31: எது நிலைச்சது, எது நிலைக்கல?

15-06-2025 | கேள்வி, திருப்பூர் வாசகர்

ஆறு மாசமா சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம வாழலாம்னு முயற்சி பண்றேன். மூங்கில் பிரஷ், துணிப்பை, ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாம் வாங்கியாச்சு. செலவு ஏறினதுதான் மிச்சம். வாசல்ல வெக்கிற குப்பை வாளி இன்னமும் அதே அளவுக்குத்தான் நிறையுது. ஒரு வருஷத்துக்கு மேல செஞ்சவங்க யாராவது இருந்தா எது நின்னுச்சு, எது போச்சுன்னு ஒளிக்காம சொல்லுங்க. அட்வைஸ் வேண்டாம்.

17-06-2025, இரவு 10.50

கோயமுத்தூர், செல்வபுரம். வாடகை வீடு, ரெண்டாவது மாடி. நான், வீட்டுக்காரம்மா, எங்கம்மா, எட்டாவது படிக்கிற பொண்ணு. ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆச்சு.

போன வருஷம் ஏப்ரல்ல வெள்ளலூர் குப்பைக்கிடங்கு பத்திக்கிட்டு நாள்கணக்கா எரிஞ்சது ஞாபகம் இருக்கும். மச்சான் வீடு போத்தனூர்ல. புகை தாங்காம குழந்தைக ரெண்டையும் எங்க வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. சின்னவன் சாப்பிடறப்ப, "மாமா, அங்க எரியறதுல உங்க வீட்டுக் குப்பையும் இருக்குமா?"ன்னு கேட்டான். இருக்கும்னு சொன்னேன். "அப்ப எது உங்களுது?"ன்னான். பதில் இல்ல.

மறுநாளே ஆன்லைன்ல 4,860 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். குப்பையை உரமாக்கற மூணடுக்கு மண் தொட்டி, மூங்கில் பிரஷ் நாலு, துணி துவைக்கப் பூந்திக்கொட்டை ஒரு கிலோ, ஸ்டீல் ஸ்ட்ரா ஒரு செட்டு, பீர்க்கங்கூடு, அப்புறம் துணிப்பை ஆறு. குப்பையைக் குறைக்கப் போறேன்னு கிளம்பினவன் வீட்டுக்கு அந்த வாரம் ஏழு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்துச்சு. தொட்டியைச் சுத்தி இருந்த பபிள் ராப்பைப் பிரிச்சு வெச்சா என் பொண்ணு உயரம்.

இன்னைய நிலவரம். தொட்டி உடைஞ்சு போச்சு. பிரஷ் ஆடி மாசச் சாரல்ல அடியில கறுப்பாப் பூஞ்சை பூத்துச்சு. அதோட நாரு எப்படியும் நைலான்தான், பிடி மட்டும்தான் மூங்கில். ஸ்ட்ரா பெட்டியில அப்படியே இருக்கு. "நம்ம வீட்டுல எப்பங்க ஸ்ட்ரா போட்டுக் குடிச்சோம்?"னு வீட்டுக்காரம்மா கேட்டதுக்கு இன்னும் பதில் யோசிச்சிட்டு இருக்கேன். பீர்க்கங்கூடு மட்டும் நிலைச்சது. அதையும் எங்கம்மா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கா சாமி 120 ரூபா குடுத்தே? நம்ம ஊர்ல வேலியில காஞ்சு தொங்குமே"ன்னாங்க.

நிலைச்சதுன்னு சொல்லிக்கிற அளவுக்குச் சிலது இருக்கு. தூக்கம் வருது, நாளைக்கு எழுதறேன்.

18-06-2025, காலை 7.15

துணிப்பையை இப்பத்தான் பீரோ மேல இருந்து இறக்கி எண்ணினேன். 31. நான் வாங்கினது ஆறு. ஜவுளிக்கடை நாலு. மீதி 21ம் கல்யாணத் தாம்பூலப் பை. எல்லாத்துலயும் மணமக்கள் பேரு, தேதி. ஒரு ஜோடி இப்ப விவாகரத்து. அந்தப் பையை எடுத்துட்டு அந்தத் தெருவுக்கே போக முடியாது.

பை சேர்க்கிறதே தப்புன்னு ஒரு கணக்கு இருக்கு. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு பருத்திப் பையை 20,000 தடவை பயன்படுத்தினாத்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும்னு வருது. 20,000!

18-06-2025, மாலை 6.40

காலையில எழுதினதுல தப்பு. 20,000 இயற்கை முறைப் பருத்திக்கு. சாதாரணப் பருத்திக்கு 7,100. அதுவும் ஓசோன், தண்ணி, நிலம்னு எல்லாக் கெடுதலையும் வரிசையா வெச்சு, அதுல எது மோசமோ அதை எடுத்துக்கிட்டா வர்ற கணக்கு. பூமி சூடாகறதை மட்டும் பாத்தா 52 தடவை போதும்.

வாரம் ரெண்டு தடவை காய்க்கு எடுத்துட்டுப் போனா 52ங்கிறது ஆறே மாசம். 7,100ன்னா 68 வருஷம். எனக்கு இப்ப 44. 112 வயசு வரைக்கும் நான் இருந்தாலும் பையோட காது இருக்காது.

இன்னொண்ணு. அந்த ஆய்வு டென்மார்க்குக்குச் செஞ்சது. அங்க பையைக் கடைசியில குப்பையோட எரிச்சு மின்சாரம் எடுத்துக்கறாங்க, தெருவுல பறக்கறதைக் கணக்குலயே சேர்க்கல. நம்ம ஊர்ல பை சாக்கடையில அடைக்குது, மாட்டு வயித்துல போகுது, மழைக்கு உக்கடம் குளத்து ஓரம் வந்து ஒதுங்குது. அதனால அந்த எண்ணை அப்படியே இங்க தூக்கிட்டு வந்து மஞ்சப்பையைக் கிண்டல் பண்ணக் கூடாது. காலையில நான் பண்ணினது அதுதான்.

18-06-2025, மாலை 6.55

ஆனா 31 வெச்சுக்கிட்டு எதையும் 52 தடவை எடுத்திருக்க முடியாது. அதுவும் உண்மை.

22-06-2025

ஞாயித்துக்கிழமை. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போயிட்டு வந்தேன். போகும்போதுதான் பைக்ல உக்காந்து இந்தக் கேள்வி-பதில் இழையைப் பத்தியே யோசிச்சேன். போக வர 8 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 தருது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஒரு நடைக்குச் சுமாரா 370 கிராம். நான் பெருமையாத் தவிர்த்த கேரி பேக் கையில எடை தெரியாது.

வீட்டுக்காரம்மா இதே சந்தைக்கு டவுன் பஸ்ஸுல போவாங்க. 2021ல இருந்து பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்ல. அவங்க பையை மறந்துட்டு பஸ்ஸுல போனாலும் பையோட பைக்ல போற என்னைவிட மேல்.

இதை வீட்டுல சொல்லல.

05-07-2025

மண் தொட்டி எப்படி உடைஞ்சதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. சொல்றேன், கொஞ்சம் நீளம்.

முதல்ல, கேள்வி கேட்டவர் சொன்ன வாளி விஷயம். லக்கேஜ் எடை பாக்கற கொக்கித் தராசு வெச்சு போன வருஷம் மே மாசம் ஒரு வாரம் எங்க குப்பையை நிறுத்தேன். மொத்தம் 8.9 கிலோ. அதுல காய்த்தோல், காபித்தூள், மீந்த சோறு, பூஜைப்பூ, தேங்காய் நாருன்னு ஈரக்குப்பை மட்டும் 6.1. பிரஷ், ஸ்ட்ரா, பை எல்லாம் அந்த மிச்சத்துல ஒரு ஓரம். நீங்க எத்தனை மூங்கில் பிரஷ் வாங்கினாலும் வாளி ஏன் குறையலேங்கறதுக்கு இதான் பதில். வாளியில இருக்கறது மூணுல ரெண்டு பங்கு அடுப்படி. அதே ஈரக்குப்பைதான் கிடங்குல அடியில மூச்சில்லாமக் கிடந்து மீத்தேன் ஆகுது. வெயில் காலத்துல அங்க தீ அணையாம எரியறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால தொட்டி. மொதப் பத்து நாள் நல்லா இருந்துச்சு. பதினஞ்சாம் நாள் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "எலி ஏதாவது செத்துக் கிடக்குதுங்களா?"ன்னு கேட்டார். திறந்து பாத்தா கஞ்சி மாதிரி நசநசன்னு. தப்பு என்னன்னா, நான் ஈரத்தை மட்டும் போட்டுட்டே இருந்திருக்கேன். ஒரு பங்கு ஈரத்துக்கு அதே அளவோ ரெட்டிப்போ காஞ்சது போடணும். சருகு, தென்னை நார்த்தூள், கிழிச்ச அட்டை, எதுவா இருந்தாலும் சரி. கார்பன் முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்குன்னு புத்தகத்துல இருக்கும். அடுப்படியில யாரும் அப்படி அளக்க முடியாது. கையில எடுத்துப் புழிஞ்சா ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

அடுத்தது புழு. கட்டை விரல் நகத்தை விட நீளமா, சாம்பல் நிறத்துல, கொழுகொழுன்னு நூத்துக்கணக்குல. பொண்ணு கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. அது பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்கிற ஈயோட புழு. கெடுதல் இல்ல. குப்பையை ராட்சச வேகத்துல தின்னு தீர்க்கும். அந்த ஈ வளர்ந்தப்புறம் வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டுல உக்காந்து நோய் பரப்பாது. கோழிக்கு அல்வா. இதெல்லாம் நான் படிச்சுச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, வீட்டுக்காரம்மா மொட்டை மாடிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. கொண்டு போனேன். படி முக்குல இடிச்சுது. 2,400 ரூபாய்த் தொட்டி.

எங்கம்மா ஒண்ணும் சொல்லல. மூணு நாள் கழிச்சு, பெயிண்ட் அடிச்சு முடிஞ்ச 20 லிட்டர் வாளி ரெண்டை எதுத்த கட்டடத்துல கேட்டு வாங்கி வந்து, "இதுல ஓட்டை போட்டுக் குடு கண்ணு"ன்னாங்க. ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில குழி வெட்டி, சாணியும் சாம்பலும் போட்டு, குப்பை நிறைச்சு வண்டி வண்டியா வயலுக்கு அடிச்சவங்க. நான் யூடியூப் பாத்துச் சொல்லிக் குடுத்துட்டு இருந்திருக்கேன். புளிச்ச மோர் தெளிச்சு, சருகு போட்டு மூடி, ரெண்டு வாளியையும் மாத்தி மாத்தி இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா கறுப்பா, மழை பேஞ்ச மண்ணு வாசத்தோட உரம்.

05-07-2025, பத்து நிமிஷம் கழிச்சு

மேல "மீந்த சோறு"ன்னு எழுதினேன். நிறையப் போடாதீங்க. கறி, மீன், எண்ணெய்க் குழம்பு போட்டா எலி வரும். மோர் தெளிக்கிறது வேற, அரை லிட்டர் கெட்டுப்போன பாலை ஊத்துறது வேற. ரெண்டாவதைச் செஞ்சு பாத்தவன் சொல்றேன்.

19-07-2025

தண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. மிஷின்ல எவ்வளவு தண்ணி வீணாகுதுன்னு ஈரோட்டு நண்பர் கேட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய போகுது, எங்க வீட்டு மிஷின்ல அளந்து பாத்ததுல மூணு. நான் ரொம்ப நாள் அந்தக் குழாயை ஒரு பக்கெட்ல விட்டு வீடு துடைக்க வெச்சுட்டு, பெரிய சாதனை பண்ணின மாதிரி இருந்தேன்.

அப்புறம் தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு 250 ரூபாய்க்கு வாங்கி (மறுபடியும் அட்டைப்பெட்டி) சமையக்கட்டுக் குழாய்ல வெச்சா 50க்குக் கீழ காட்டுது. சிறுவாணித் தண்ணி! உலகத்துலயே ரெண்டாவது ருசின்னு ஊரே சொல்லிக்கிட்டுத் திரியறோம். யாரு எந்த நாக்கை வெச்சு அளந்தாங்கன்னு தெரியல, அது இருக்கட்டும். அந்தத் தண்ணியில இருக்கற கொஞ்சநஞ்ச உப்பையும் பிடுங்கறதுக்கு நாலு லிட்டர்ல மூணு லிட்டரை நாலு வருஷமாக் கொட்டியிருக்கோம். குடிநீருக்கு டி.டி.எஸ். 500 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இந்தியத் தர அளவே சொல்லுது. 500க்குக் கீழ இருக்கற இடத்துல ஆர்.ஓ.வைத் தடை பண்ணச் சொல்லி 2019ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. நான் மிஷின் வாங்கினது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. விக்க வந்த தம்பி ஒரு டம்ளர்ல கரண்ட் விட்டு, தண்ணி பழுப்பாகறதைக் காட்டினார். அது தண்ணியோட அழுக்கு இல்ல, கம்பியோட துருன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது.

இப்ப மிஷின் ஆஃப். காய்ச்சிக் குடிக்கிறோம், ஏன்னா மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. காய்ச்ச கேஸ் செலவாகுதே, அது கணக்குல வராதான்னு கேட்டா, வரும்.

போர்த் தண்ணி மட்டும் இருக்கறவங்க என்னைப் பாத்து ஆர்.ஓ.வை நிறுத்தாதீங்க. எதுத்த வீட்டு போர்ல 1,300 காட்டுச்சு. அவங்க வெளிய வர்ற தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊத்தி, இலை நுனியெல்லாம் கருகிப் போச்சு. உப்பு அங்க போய்ச் சேந்துருச்சு. வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊத்தலாம். செடிக்கு வேண்டாம்.

20-07-2025

பூந்திக்கொட்டை பத்திக் கேட்டதுக்கு: வெள்ளைச் சட்டை மூணு மாசத்துல பழைய வேட்டி நிறத்துக்கு வந்துச்சு. முடிஞ்சுது. மீதியை எங்கம்மா வெள்ளிக்கொலுசு கழுவ வெச்சிருக்காங்க. அதுக்குப் பளபளன்னு இருக்கு.

02-08-2025, இரவு 11.30

இன்னைக்கு ஒரு விஷயம் நடந்துச்சு. எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு, ஒளிக்காமச் சொல்லச் சொன்னாரேன்னு எழுதறேன்.

போனை சார்ஜ்ல போட்டுட்டுக் குளிக்கப் போனேன். வீட்டுக்காரம்மா இந்த இழை முழுக்கப் படிச்சிருக்காங்க. வெளிய வந்தா அமைதியா உக்காந்திருக்காங்க. "நல்லா எழுதறீங்க"ன்னாங்க. அப்பவே புரிஞ்சுது.

"எல்லாத்துலயும் 'செஞ்சோம், நிறுத்தினோம், ஓடிட்டு இருக்கு'ன்னு போட்டிருக்கீங்க. யாரு செஞ்சது? காஞ்ச சருகு யாரு பொறுக்கினது? பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறப் போட்டுக் காலையில பிசைஞ்சு வடிகட்டினது யாரு? தண்ணி காய்ச்சி ஆறவெச்சு ஊத்தறது யாரு? தூக்குப்போசியில சாம்பார் வாங்கிட்டு வந்தீங்க, பிளாஸ்டிக் இல்லேன்னு போட்டோ எடுத்தீங்க. எண்ணெய்ப் போசியைத் தேச்சது நானு. திட்டம் உங்களுது, வேலை என்னுது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவங்க அடுப்படிச் சுவத்தைக் காட்டினாங்க. டைல்ஸ்ல பால் கவர் மூணு, வெட்டிக் கழுவி ஒட்டிக் காயப்போட்டிருந்துச்சு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அப்படித்தான். கழுவாத பால் கவர் நாறும், காயலான் கடைக்காரர் எடுக்க மாட்டார். காஞ்சதுக்கு நல்ல விலை. சேத்து வெச்சு அந்தக் காசுல பூ வாங்குவாங்க. அஞ்சாறு வருஷம் முன்னாடி வீட்டுக்கு ஆளுக வர்றப்ப, "என்ன கண்றாவி இது, சுவத்துல"ன்னு நானே பிச்சு எறிஞ்சிருக்கேன். அவங்க ஞாபகம் வெச்சிருக்காங்க.

கிழிஞ்ச சேலை தலகாணி உறையாகி, அப்புறம் கால்மிதியாகி, அப்புறம் கைப்பிடித் துணியாகி, கடைசியில எவர்சில்வர் கிண்ணமா மாறி வந்ததை எல்லாம் நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கறவர் எங்க தெருவுக்கு இன்னைக்கும் வர்றார். எனக்கு அது கஞ்சத்தனம். 4,860 ரூபாய் கட்டி வாங்கினாத்தான் சுற்றுச்சூழல்.

வேற ஒண்ணும் எழுதத் தோணல.

03-08-2025

நேத்து எழுதினதை அவங்ககிட்டக் காட்டினேன். படிச்சுட்டு, "பூ வாங்கினது ஒரு தடவைதான். மத்ததெல்லாம் பாப்பாவுக்கு நோட்டு. திருத்துங்க"ன்னாங்க. திருத்தியாச்சு.

10-08-2025

வேலையைப் பிரிச்சிருக்கோம். உர வாளி கிளறறது, சருகு கொண்டாறது, பால் கவர் கழுவறது என்னுது. ஒரு வாரம் கவர் கழுவினதுல தெரிஞ்சுக்கிட்டது: பாக்கெட் மூலையை முழுசா வெட்டி எடுக்கக் கூடாது. அந்த முக்கோணத் துண்டை யாரும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைக்குப் போகும். பாதி வெட்டி ஒட்டிக்கிட்டே விடணும். பொண்ணு பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் குடுத்தாங்களாம். வீட்டுல ஒருத்தர் எனக்கு முன்னாடியே அப்படித்தான் வெட்டிட்டு இருந்தாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

மூணு நாள் மறந்தேன். நாலாம் நாள் கவர் என் லேப்டாப் மேல இருந்துச்சு.

06-09-2025

யாருக்கும் வேலை வெக்காத ஒண்ணு கேட்டா, ஃபேன்.

எங்க பழைய ஃபேன் ஒவ்வொண்ணும் 75 வாட். கரண்ட் கம்மியா இழுக்கற பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் கிட்டத்தான். ஹால் ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடுது. 45 வாட் மிச்சம்னா நாளைக்கு முக்கா யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு மாச பில்லுக்கு 40 யூனிட். படுக்கை ரூம் ரெண்டுலயும் ரூமுக்கு 24. மூணும் சேத்து 88. நம்ம மாநிலத்துல 500 யூனிட் தாண்டினா ஸ்லாப்பே மாறும். தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்ல, கீழ இருக்கறதுக்கும் வேற ரேட்டு விழும். நாங்க கோடையில 550 வரைக்கும் போவோம், இந்த வருஷம் 468ல நின்னுச்சு. ஒரு ஃபேன் மூவாயிரம் ரூபாய், ஒவ்வொண்ணா ஆறு மாச இடைவெளியில வாங்கினோம்.

ஒரு தடவை மாட்டினா மறந்துடலாம். நல்ல பழக்கமே வேண்டாம். என்னை மாதிரி ஆளுக்கு இதான் சரி. ரிமோட் தொலைஞ்சது மட்டும்தான் பிரச்சினை. ஸ்பீடு மாத்த முடியாம ரெண்டு நாள் போர்வையோட படுத்தோம்.

28-09-2025

கோவமா எழுதறேன். நாங்க மாஞ்சு மாஞ்சு பிரிச்சு வெக்கிறோம். குப்பை வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டறாங்க, என் கண்ணால பாத்தேன். 2016ல வந்த விதியில மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பைன்னு மூணாப் பிரிச்சுக் குடுக்கறது நம்ம கடமைன்னு சொன்னாங்க. வாங்கறவங்களுக்குக் கடமை கிடையாதா? எதுக்கு இந்தக் கூத்து?

30-09-2025

முந்தாநேத்து கோவத்துல எழுதினேன். அழிக்கல, இருக்கட்டும்.

இன்னைக்குக் காலையில வண்டியோட வர்ற அக்காகிட்ட நேராக் கேட்டேன். அவங்க கோவப்படல. "இந்த வரிசையில நாப்பது வீடு தம்பி. பிரிச்சுக் குடுக்கறது ஆறு வீடு. ஆறு வீட்டுக்கு நான் எத்தனை வாளி தூக்கிட்டுச் சுத்துவேன்?"னாங்க. அப்புறம் வண்டியோட பக்கவாட்டுல தொங்கற சாக்கைக் காட்டினாங்க. பால் கவர், பாட்டில், அட்டை, எல்லாம் அவங்களே தனியா எடுத்து வெச்சது. நாங்க பிரிச்சுக் குடுத்தா அது சுத்தமா நேரா அதுல போகும். பிரிக்காத வீட்டுல வெறும் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்கணும். போன மாசம் உடைஞ்ச டம்ளர் கிழிச்ச தழும்பு உள்ளங்கையில இருந்துச்சு. நாப்கினை அப்படியே போடறவங்களைப் பத்திச் சொன்னப்ப என் முகத்தைப் பாக்காமச் சொன்னாங்க.

இப்ப கண்ணாடி, பிளேடு எல்லாம் பழைய பேப்பர்ல சுத்தி, சிவப்பு ஸ்கெட்ச்சுல பெரிய புள்ளி வெக்கிறோம். நாப்கினும் அப்படித்தான். பொண்ணோட யோசனை. மேல் வீட்டுலயும் கீழ் வீட்டுலயும் சொல்லி இருக்கேன். கீழ் வீட்டுக்காரர், எலி செத்துக் கிடக்குதான்னு கேட்டாரே அவரு, "இதாவது வாசம் வராதுங்களே"ன்னார்.

12-10-2025

உர வாளியைக் கவிழ்த்தப்ப ஒரு பை வந்துச்சு. பச்சைக் கலர். "100 சதவீதம் மக்கும்"னு அச்சு அப்படியே படிக்க முடியுது. போட்டு ஒரு வருஷமாவது இருக்கும். வாழைத்தண்டு போச்சு, மாங்கொட்டை ஓடு கூட அழுகிப் போச்சு, இவரு மட்டும் ஜம்முனு.

விசாரிச்சதுல, அந்த மாதிரிப் பை பெரும்பாலும் பெரிய உரக்கிடங்குல 55, 60 டிகிரி சூட்டுல நாள்கணக்கா இருந்தாத்தான் மக்கும். பெயிண்ட் வாளியில அந்தச் சூடு எங்க வரும். காயலான் கடையிலயும் சேர்க்க மாட்டாங்க, மத்த பிளாஸ்டிக்கோட கலந்தா அதையும் கெடுக்கும்.

13-10-2025

இன்னொரு திருத்தம், கிட்டத்தட்ட நாலு மாசம் தாமதமா. ஜூன்ல 31 பைன்னு சொன்னேன் இல்லீங்களா? அதுல ஒன்பது துணியே இல்ல. துணி மாதிரி பொசுபொசுன்னு இருக்கற அந்தப் பை பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். நெருப்புல ஒரு நூலைக் காட்டினா சாம்பலாகாது, உருகி உருண்டையா நிக்கும். 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல 14 பொருளைத் தடை செஞ்சப்ப அந்தப் பையும் பட்டியல்ல இருந்துச்சு. டீக்கடைப் பேப்பர் கப்பும் அதே பட்டியல்தான், உள்ள பிளாஸ்டிக் பூச்சு. நான் ரெண்டையும் ரொம்ப நாள் நல்லவங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஆக துணிப்பை 22. தலைப்பை மாத்த முடியாது, விட்டுடுங்க.

15-01-2026

பொங்கல். எங்க பக்கம் காப்புக்கட்டு முடிஞ்சு வாசல்ல வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. இது மட்டும் எந்த வருஷமும் பிளாஸ்டிக்ல வரலேன்னு எழுத வந்தேன். கீழ போய்ப் பாத்தா எதுத்த வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். விட்டுட்டேன்.

01-02-2026

திருப்பூர்க்காரர் மறுபடியும் வந்து, "வாளி குறைஞ்சுதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கார். போன வாரம் மறுபடியும் நிறுத்தேன். வண்டிக்குப் போனது 1.7 கிலோ, காயலான் கடைக்கு ஒதுக்கினது 1.2. மீதி உர வாளிக்கு. ஒரே வார்த்தையில்ல, மன்னிக்கணும்.

நேத்து மச்சான் வகையில ஒரு கல்யாணம். தாம்பூலப் பை குடுத்தாங்க. வெளியில "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்". பை பாலிபுரோப்பிலீன். உள்ள ஒரு தேங்காய், வெத்தலை பாக்கு, 200 மில்லி தண்ணி பாட்டில். சின்னவன், அந்தப் போத்தனூர் பையன், ஒரு நூலைப் பிச்சு, "மாமா, நெருப்பு வெச்சுப் பாக்கலாமா?"ன்னான். மண்டபத்துல வேண்டாம்னு சொன்னேன்.

இன்னைக்குக் காலையில வேலை முடிஞ்சு வர்ற வழியில கத்திரிக்காய் நல்லா இருந்துச்சு. ஒரு கிலோ சொல்லிட்டுத்தான் பாக்கறேன், பை இல்ல. வீட்டுல 22 இருக்கு. கடைக்காரம்மா கேரி பேக்கை எடுத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தாங்க, நானும் பாத்தேன். ஹெல்மெட்டைக் கழட்டி நீட்டினேன். சிரிச்சுக்கிட்டே கொட்டினாங்க, ரெண்டு காய் கூடப் போட்டாங்க. ஹெல்மெட் இல்லாம ஓட்ட முடியாது, முக்குல எப்பவும் போலீஸ் நிப்பாங்க. நாலு தெரு வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்து சேந்தேன்.